இரும்புச் சட்டியில் போன தணல்

அயர்லாந்தின் மேற்குப் பகுதியில், மேயோ மாவட்டத்தில் சதுப்பு மண்ணைக் கட்டியாக வெட்டி, காயவைத்து அடுப்பெரிப்பார்கள். படுக்கும் முன் தணலைச் சாம்பலால் மூடி, விடிந்ததும் ஊதி எழுப்புவார்கள். அப்பன் பாட்டன் காலத்து நெருப்பு அணைந்துபோனால் குடும்பத்துக்கே தலைகுனிவு.

குத்தகை கட்ட முடியாத மலக்கியை நிலப்பிரபுவின் ஆட்கள் வெளியேற்றிய அன்று, அவன் அடுப்புத் தணலை இரும்புச் சட்டியில் வாரித் தம்பி ஃபின்டனிடம் கொடுத்தான். பக்கத்து வீட்டு வின்னி, கல்யாணமாகாத தனியாள், பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தம்பி, நிலம் ஒருநாள் திரும்ப வரும். அன்னைக்கு இந்த அடுப்பு நெருப்பு உயிரோட இருந்தா, பாதி நிலம் உனக்கு. வின்னி சாட்சி."

சொன்னவன் பாஸ்டனுக்குக் கப்பலேறிவிட்டான்.

ஃபின்டன் சாலையோரம் குடிசை போட்டான். அந்த வாரமே சூறைக்காற்று வின்னியின் கூரையைப் பிய்த்தது. மழையில் அவள் அடுப்பு அவிந்தது. ஃபின்டனின் சட்டியிலிருந்து இரண்டு கங்கு வாங்கிப்போனாள். அதற்கப்புறம் அவள் அடுப்பு அணைந்ததே இல்லை.

பறிபோன நிலத்தில் புதுக் குத்தகைக்காரன் குடியேறினான். அவன் புகைபோக்கியில் புகை எழும்போதெல்லாம் ஃபின்டனுக்கு வயிறு எரியும். அதைவிட எரியவைத்தது, வாரம் தவறாமல் வின்னி கேட்கும் கேள்வி: "உங்க அண்ணன் கடுதாசி போட்டாரா?" ஊதி ஊதிக் கண் சிவப்பவன் இவன்; அவள் விசாரிப்பதோ அண்ணனை.

மூன்றாம் குளிர்காலத்தில் பொறுக்கமாட்டாமல் புதுக்காரனின் வேலியைப் பிடுங்கி எறிந்தான். ஒரு மாதம் ஜெயில். திரும்பி வந்தால் சட்டியில் வெறும் சாம்பல். வின்னி தன் அடுப்பிலிருந்து தணல் அள்ளிக் கொடுத்தாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாதே."

"கேட்டா பொய் சொல்லமாட்டேன். கேட்காதவரைக்கும் சரி."

பத்தொன்பது வருடம் கழித்து லண்டன் பார்லிமெண்டில் சட்டம் வந்தது. துரத்தப்பட்ட குடியானவனுக்கு நிலம் திரும்பும். புதுக்காரன் வேறு இடம் வாங்கிக்கொண்டு போனான். பழைய குத்தகைச் சீட்டில் இருந்தது மலக்கியின் பெயர். தங்கக் கடிகாரச் சங்கிலி மின்ன அவன் வந்து இறங்கினான். வின்னி நீலச் சால்வை போர்த்தி வந்தாள். இத்தனை வருடத்தில் அந்தச் சால்வை ஃபின்டன் கண்ணில் பட்டதே இல்லை.

"அணையவே இல்லையாடா?" என்றான் மலக்கி.

"நான் என்ன, ஊரை விட்டு ஓடினவனா? ஒருநாள்கூட அணையவிடலை."

நிலத்தை ஒப்படைக்க வந்திருந்த அதிகாரி சாட்சியிடம் திரும்பினார். "இந்தச் சட்டி எப்போதாவது அணைந்ததா?"

"அணைஞ்சுது. என் அடுப்புத் தணலைத்தான் கொடுத்தேன்," என்றாள் வின்னி, தலை நிமிராமல்.

"அப்போ பாதி கிடையாது. பொய் வேற!" மலக்கி கடிகாரத்தைப் படக்கென்று மூடினான்.

ஃபின்டன் நீலச் சால்வையையே வெறித்துக்கொண்டிருந்தான்.

கதை கேட்டவர்களே, இப்போது நீங்கள் சொல்லுங்கள்: மலக்கி மறுத்தது சரியா? பாதி நிலம் ஃபின்டனுக்கு உண்டா, இல்லையா?

விடை: உண்டு. அந்த அடுப்பு நெருப்பு உயிரோடு இருக்கவேண்டும் என்றுதான் மலக்கி சொன்னான். எந்தச் சட்டியில், யார் வீட்டில் என்று சொல்லவில்லை. வின்னி அள்ளிக் கொடுத்தது, முதல் வாரம் ஃபின்டன் கொடுத்த கங்கிலிருந்து வளர்ந்த நெருப்பு. சட்டிதான் அணைந்தது, நெருப்பு அணையவில்லை. அந்த இரண்டு கங்கை அங்கேயே நினைவூட்டியிருந்தால் பொய்க்கே அவசியமில்லை. ஆனால் அவள் யாருக்காகச் சால்வை போர்த்தினாள் என்ற நினைப்பிலேயே இருந்தவனுக்கு, அவள் அடுப்பில் எரிந்தது தன் நெருப்பு என்பது கடைசிவரை தோன்றவில்லை.