ஆவாரங்குட்டையின் முப்பத்தொரு இலைகள்

காட்டின் நடுவே ஆவாரங்குட்டை என்று ஒரு குட்டை இருந்தது. அதன் மேல்கரையில் ஒரு நாவல் மரம். அந்த மரத்தின் உச்சிக்கிளையில் உட்கார்ந்து, கரிச்சான் குருவி தினமும் காலையில் ஊர்ச் செய்தி வாசிக்கும்.

கரிச்சானுக்கு ஒரு தனித் திறமை உண்டு. யார் குரலை வேண்டுமானாலும் அப்படியே பேசிக் காட்டிவிடும். பன்றியைப் பற்றிய செய்தி என்றால் பன்றியின் குரலிலேயே உறுமும். மயிலைப் பற்றிய செய்தி என்றால், மயில்தான் வந்துவிட்டதோ என்று நீங்கள் திரும்பிப் பார்ப்பீர்கள். அதனால் விடிந்ததும் விடியாததுமாக எல்லா விலங்குகளும் மரத்தடியில் கூடிவிடும். இன்றைக்குத் தன் பெயர் வருமா என்று தெரிந்துகொள்ளாவிட்டால் அவற்றுக்குத் தலை வெடித்துவிடும்!

ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் கரிச்சான் தொண்டையைச் செருமிக்கொண்டது.

"ஆவாரங்குட்டைச் செய்திகள்! மந்தியம்மாளின் இரண்டாவது பிள்ளைக்குப் பல் முளைத்துள்ளது. முள்ளம்பன்றி தன் முள் ஒன்றைத் தொலைத்துவிட்டது. கண்டெடுத்தவர்கள் மிதிக்காமல் கொண்டுவந்து கொடுக்கவும்! வடக்கிலிருந்து வாலாட்டிக் குருவி ஒன்று நேற்று வந்து சேர்ந்தது. குளிர்காலம் முழுவதும் நம்முடன் தங்கும். வரவேற்கிறோம்!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். புதிதாக வந்த வாலாட்டி வெட்கத்தில் வாலை இரண்டு தடவை ஆட்டியது.

"கடைசியாக ஓர் அவசர அறிவிப்பு! குட்டையின் கீழ்க்கரையில் ஓட்டை விழுந்து தண்ணீர் கசிகிறது. கரைக்குக் கீழே மணலில் ஆமையம்மாளின் பதினாறு முட்டைகள் இருக்கின்றன. பெருமழை பெய்து கரை உடைந்தால் அத்தனையும் போய்விடும். மண்ணும் கல்லும் வைத்து ஓட்டையை அடைக்கத் தொண்டர்கள் தேவை. விருப்பமுள்ளவர்கள் பாறையில் ஓர் இலை வைக்கவும்!"

அந்த ஊர் வழக்கம் அது. உதவிக்கு வருகிறவர்கள் மரத்தடிப் பாறையில் ஓர் இலை வைக்க வேண்டும். மறுநாள் கரிச்சான் அவர்கள் பெயரை அவரவர் குரலிலேயே வாசிக்கும். கூடியிருப்பவர்கள் ஆரவாரம் செய்வார்கள்.

முதலில் காட்டுப்பன்றி ஒரு தேக்கிலையைக் கொண்டுவந்து வைத்தது. முறம் மாதிரி அவ்வளவு பெரிய இலை! மயில் தோகையை விரித்துக்கொண்டு வந்து ஓர் இலை வைத்தது. மந்தி ஓர் இலை வைத்துவிட்டு, எல்லோரும் பார்த்தார்களா என்று ஒரு தடவை சுற்றிலும் பார்த்துக்கொண்டது. முயல் துளிர் ஒன்றை வைத்தது. சாயங்காலத்துக்குள் முப்பத்தொரு இலைகள் சேர்ந்துவிட்டன.

மறுநாள் காலை கரிச்சான் பட்டியலை வாசித்தது.

"ஹ்ர்ர்ம்! காட்டுப்பன்றி!"

"ஓ!" என்று கூட்டம் கத்தியது. பன்றி அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டது. குனிந்தாலும் காதுகள் மட்டும் நட்டுக்கொண்டு நின்றன.

"எல்லாரும் எதுக்குக் கத்துறாங்க?" என்று வாலாட்டி பக்கத்திலிருந்த முயலிடம் கேட்டது.

"தொண்டர் பட்டியல்! அடுத்தது என் பேருதான், சும்மா இரு!"

முப்பத்தொரு பெயர்களும் வாசித்து முடிந்தன. எல்லோரும் நெஞ்சு நிறைந்து கலைந்து போனார்கள்.

வாலாட்டிக்கு ஒரே ஆவல். முப்பத்தொரு பேர் சேர்ந்து ஒரு கரையை எப்படி அடைப்பார்கள்? பன்றி மண் தோண்டுமா? மந்தி கல் தூக்குமா? மயில் என்னதான் செய்யும்? பார்த்தே தீர வேண்டும் என்று தத்தித் தத்திக் கீழ்க்கரைக்குப் போனது.

அங்கே ஆமை மட்டும் இருந்தது. முன்கால்களால் சேற்றைத் தள்ளித் தள்ளி ஓட்டையில் வைத்தது. வைக்க வைக்கத் தண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டு போனது.

"மத்தவங்க எங்கக்கா?" என்றது வாலாட்டி.

"வந்துருவாங்க. முப்பத்தோரு பேர்னு நீயும் கேட்டியே! இன்னும் ஒரு வாரம் தாங்கினா போதும், பிள்ளைங்க வெளிய வந்துரும்." ஆமை சிரித்தபடி மறுபடியும் சேற்றைத் தள்ளியது.

பொழுது சாய்ந்தது. யாரும் வரவில்லை.

மூன்றாம் நாள் காலை கரிச்சான் இன்னும் உற்சாகமாக வாசித்தது. "கரை வேலைக்கு முப்பத்தொரு தொண்டர்கள்! இந்த ஊரில் இதற்கு முன் இத்தனை பேர் சேர்ந்ததே இல்லை!" கூட்டம் மறுபடியும் ஆரவாரம் செய்தது.

வாலாட்டிக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாததைக் கேட்காமல் விடுவது அதன் சுபாவம் இல்லை. நேரே பன்றியிடம் போனது. பன்றி சேற்றுக்குழியில் சுகமாகப் படுத்திருந்தது.

"மாமா, நீங்க கரைக்குப் போகலையா?"

"நான்தான் இலை வச்சாச்சே! தேக்கிலை! அதைவிடப் பெருசா யாரு வச்சா, சொல்லு?"

மந்தியிடம் போய்க் கேட்டது.

"முப்பது பேர் போறாங்க. நானும் போய் அங்க நெரிசல் பண்ணணுமா?" என்றது மந்தி.

முயலிடம் போய்க் கேட்டது.

"நான் போனேனே!" என்றது முயல். "பாதி வழியில எட்டிப் பார்த்தேன். கரையில கூட்டமே இல்ல. சரி, வேலை முடிஞ்சிருச்சு போலன்னு திரும்பிட்டேன்."

மயிலோ இறக்கையை நீவிக்கொண்டு, "ரெண்டு நாளா ஒரே அசதிம்மா. தொண்டு செய்யிறதுன்னா லேசா?" என்றது.

இதில் வேடிக்கை என்னவென்றால், யாருமே வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. பெயரைக் கேட்டு, ஆரவாரத்தையும் கேட்டபின், வேலையைச் செய்துவிட்ட மாதிரியே அவர்களுக்கு இருந்தது. மயிலுக்கு நிஜமாகவே இறக்கை வலித்தது!

வாலாட்டி நாவல் மரத்துக்குப் பறந்தது.

"அண்ணே, யாரெல்லாம் வரப்போறாங்கன்னு வாசிச்சீங்க. யாரெல்லாம் வந்தாங்கன்னு ஏன் வாசிக்கல?"

கரிச்சான் விழித்தது. அதன் பிளவுபட்ட வால் ஆடாமல் நின்றது. "வந்தவங்களா? அதை யாரும் கேட்டதில்லையே! நான் செய்தி வாசிக்கிறவன். கீழ்க்கரைக்கெல்லாம் போனதில்ல."

"இங்கேருந்து ஒரு தாவுதானே? வாங்க, பார்த்துட்டு வருவோம்!"

இரண்டும் பறந்து போய்க் கரையில் இறங்கின. விரல் நுழைகிற அளவில் இருந்த ஓட்டையில் இப்போது ஓர் எலியே நுழைந்துவிடலாம். கிழக்கே வானம் கறுத்திருந்தது. ஆமையின் முன்கால்களில் தோல் உரிந்திருந்தது.

கரிச்சானைக் கண்டதும் ஆமை நிமிர்ந்தது. "நாளைக்காவது வருவாங்களா, ஐயா?"

ஊர் முழுவதன் குரலிலும் பேசத் தெரிந்த கரிச்சானுக்கு அப்போது தன் குரலில் ஒரு வார்த்தை வரவில்லை. அதற்கு அவமானமாக இருந்தது.

நாலாம் நாள் காலை எல்லோரும் வழக்கம்போலக் கூடினார்கள்.

"இன்று செய்தி ஒன்றுதான்" என்றது கரிச்சான். பிறகு, "களக்… களக்… களக்…" என்று ஒரு சத்தம் எழுப்பியது.

"இது யாரு குரல்? நம்ம ஊர்ல இப்படி யாரும் பேசுறதில்லையே!" என்றது மந்தி.

"கீழ்க்கரை ஓட்டையின் குரல்" என்றது கரிச்சான். "அடுத்து, கரை வேலைக்கு இதுவரை வந்தவர்களின் பட்டியல்."

எல்லாக் காதுகளும் நிமிர்ந்தன.

"ஆமை" என்றது கரிச்சான், ஆமையின் குரலிலேயே.

கூட்டம் காத்திருந்தது. கிளையிலிருந்து வேறு சத்தம் வரவில்லை.

"அப்புறம்?" என்றது பன்றி.

"அவ்வளவுதான்."

முயல் மயிலைப் பார்த்தது. மயில் மந்தியைப் பார்த்தது. கரிச்சான் மறுபடியும் ஆமையின் குரலில் கேட்டது. "நாளைக்காவது வருவாங்களா, ஐயா?"

பன்றி எழுந்தது. கீழ்க்கரையைப் பார்த்து நடந்தது. அதன் பின்னால் மந்தி, முயல், முள்ளம்பன்றி என்று ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது.

அதுவும் எப்பேர்ப்பட்ட மழை! பன்றி கோரைப்பல்லால் களிமண்ணைப் பெயர்த்தது. மந்திகள் வரிசையாக நின்று கல்லைக் கைமாற்றின. முயல்கள் மண்ணை மிதித்து இறுக்கின. மயிலின் தோகை சேற்றில் புரண்டது, மயில் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கரிச்சான் அலகில் கூழாங்கல் சுமந்தது. வாலாட்டி கரை நெடுகத் தத்திப் போய், "இங்கயும் கசியுது! இங்கயும்!" என்று கத்தியது.

திடீரென்று கரையின் ஓரம் சரிந்தது. தண்ணீர் குபுகுபுவென்று மணலை நோக்கிப் பாய்ந்தது.

"ஐயோ, என் பிள்ளைங்க!" என்று ஆமை அலறியது.

பன்றி ஒரே பாய்ச்சலில் உடைப்பின் குறுக்கே விழுந்து படுத்துக்கொண்டது. "என் முதுகுக்குப் பின்னால அடைங்க! என்னைப் பார்க்காதீங்க, மண்ணைப் போடுங்க!"

போட்டார்கள். சாயங்காலம் மழை விட்டபோது கரை நின்றிருந்தது. பன்றியைத்தான் நாலு மந்திகள் சேர்ந்து சேற்றிலிருந்து பிடுங்க வேண்டியிருந்தது.

அதிலிருந்து நாலாம் நாள் மணல் அசைந்தது. ஒரு குட்டித் தலை வெளியே வந்தது. பிறகு இன்னொன்று. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணியது. பன்னிரண்டு… பதின்மூன்று… பதினாலு.

அதற்குப் பிறகு மணல் அசையவில்லை. மீதி இரண்டும் உடைப்புத் தண்ணீர் புகுந்த ஓரத்தில் இருந்த முட்டைகள்.

"இன்னும் வெளிய வரல. வந்துரும்" என்றது ஆமை. பதினாலு பிள்ளைகளும் தண்ணீரில் இறங்கிவிட்டன. ஆமை மட்டும் இருட்டும் வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை. பார்க்கவே பாவமாக இருந்தது.

மறுநாள் கரிச்சான் செய்தி வாசிக்க உட்கார்ந்தது. "கரை வேலைக்கு வந்த தொண்டர்கள்…" என்று தொடங்கியது.

"வேண்டாம்யா" என்றது பன்றி கீழேயிருந்து. "எங்க பேரை வாசிக்காத. நடந்ததை வாசி."

கரிச்சான் யாருடைய குரலிலும் இல்லாமல் தன் குரலிலேயே வாசித்தது.

"ஆமையம்மாளின் பதினாறு முட்டைகளில் பதினாலு பொரிந்தன. தொண்டர்கள் இரண்டு நாள் தாமதமாக வந்தார்கள்."

அன்றைக்கு யாரும் ஆரவாரம் செய்யவில்லை.

உதவிக்குப் பெயர் கொடுத்ததையே உதவி செய்ததாக நினைத்து இருந்துவிட்டால், அதனால் வரும் இழப்பு உதவி கேட்டவர் தலையில்தான் விழும்.