வண்டி எப்ப கிளம்பும்?

கொல்லிமலை எழுத்து முகாமில் குருவைவிடச் சிஷ்யை வயதில் மூத்தவர். குரு குணாளனுக்கு இப்போதுதான் காதோரம் நரைக்கத் தொடங்கியிருந்தது. சிஷ்யை செல்லக்கனி திருநெல்வேலிக்காரர். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர், ஓய்வு பெறும் வயது. அவர் இவரை "சார்" என்பார். இவர் அவரை "அக்கா" என்பார். இருவருக்கும் அதில் ஒரு சிரமமும் இருக்கவில்லை.

அங்கே படிப்பு ஒரு தினுசானது. ஆண்டுக்கு இரண்டு முறை மலைக்கு வந்து சில நாட்கள் கூடிப் படிப்பார்கள், சண்டை போடுவார்கள், மிளகு ரசத்தை மூக்கு ஒழுகக் குடிப்பார்கள். மற்ற மாதங்களில் அவரவர் வீட்டில் அவரவர் பாடு. எழுதியதை மாதம் ஒரு முறை தபாலில் குருவுக்கு அனுப்ப வேண்டும். குரு ஒரு வரியையும் திருத்த மாட்டார். ஓரத்தில் பென்சிலால் கேள்வி மட்டும் கேட்டுத் திருப்பி அனுப்புவார்.

செல்லக்கனிக்கு வந்த முதல் கேள்வி: "வண்டி எப்ப கிளம்பும்?"

அந்தக் கதையில் வண்டியே கிடையாது. ஒரு கல்யாண வீட்டுச் சண்டை. பந்தல், வாழைமரம், மேகம் என்று மூன்று பக்கம் போன பிறகுதான் முதல் ஆள் வாயைத் திறப்பார். செல்லக்கனிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ரயில்வேக்காரியிடமே இந்தக் கேள்வியா?

மறுநாள் சிக்னல் கிடைக்காமல் ரயில் ஒரு பொட்டல்காட்டில் நின்றது. பெட்டியில் இருந்த அத்தனை பேரும் அவரிடம் அதே கேள்வியைக் கேட்டார்கள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வீட்டுக்குப் போனதும் அந்த மூன்று பக்கத்தையும் அடித்துவிட்டார்.

இப்போது கடைசி முகாம்; இதோடு படிப்பு முடிகிறது, மாதாந்திரத் தபாலும் நிற்கும். செல்லக்கனியின் நாவல் பாதியில் நின்றது. முகத்தில் களையே இல்லை.

"சார், இனிமே மாசாமாசம் நான் யாருக்கு அனுப்ப?"

"ஏன்க்கா?"

"நீங்க படிப்பியன்னுதான் எழுதுதேன். முன்னால வருசக்கணக்கா எழுதிப் பாத்தாச்சு. ஒண்ணுகூட முடியல. எல்லாம் பரண்ல கெடக்கு. இந்த நாவலும் அங்க போயிருமோன்னு பயமா இருக்கு சார்."

குணாளன் பையிலிருந்து ஒரு கத்தைத் தாளை எடுத்து நீட்டினார். கூடவே காதில் செருகியிருந்த பென்சிலையும்.

"என்னோட புதுக்கதை. இன்னும் யாரும் பார்க்கல. படிச்சிட்டுக் கொடுங்க."

டீ ஆறுவதற்குள் செல்லக்கனி திரும்பி வந்தார். தாளில் ஒரு கீறல்கூட இல்லை.

"பிரமாதம் சார்."

குணாளன் தாளை வாங்கிக்கொள்ளவில்லை.

"அக்கா, டிக்கெட் இல்லாம வந்த உங்க மேலதிகாரி மச்சானையே இறக்கி விட்டதா சொன்னீங்களே?"

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"என்னை மட்டும் ஏன் சோதிக்காம விடுறீங்க?"

செல்லக்கனி தாளோடு பலாமரத்தடிக்குப் போனார். இந்த முறை நிதானமாகப் படித்தார். கதையில், மலைச்சரிவில் மழை பெய்தது. பனி இறங்கியது. திரும்பவும் மழை பெய்தது. கதாநாயகனான காப்பி வியாபாரி இன்னும் படுக்கையைவிட்டு எழுந்திருக்கவில்லை. பென்சில் ஓரத்துக்குப் போவதும் திரும்பி வருவதுமாக இருந்தது. குருவின் தாளில் கை வைப்பதா? சாப்பாட்டு மணி அடித்துவிட்டார்கள். கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு எழுதினார்.

குணாளன் வாங்கிப் பார்த்தார். ஓரத்தில், வட்டவட்டமான எழுத்தில், "வண்டி எப்ப கிளம்பும்?"

அவர் கண் அந்த வரியிலேயே நின்றது. கெடுத்தோம் காரியத்தை என்று செல்லக்கனி நினைத்தார்.

அடுத்த நொடி குணாளன் வெடித்துச் சிரித்தார். சாப்பாட்டுக் கூடத்தில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தவர்கள் கரண்டியோடு திரும்பிப் பார்த்தார்கள்.

"இந்த மழையை எழுத எனக்கு ஒரு மாசம் ஆச்சுக்கா!"

"நல்ல மழைதான் சார். ஆனா ஒரு ஆளும் நனையலியே."

"நனையல, நனையல!" என்று சொல்லிக்கொண்டே பென்சிலை வாங்கி, மழை முழுவதையும் குறுக்கே ஒரே கோடாக அடித்தார். அடித்த பிறகு அவர் முகம் பள்ளிக்கூடம் விட்ட பிள்ளையின் முகமாக இருந்தது. செல்லக்கனிக்கும் சிரிப்பு தாங்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் தன் கவலை நினைவுக்கு வந்தது.

"அதெல்லாம் சரி சார். நான் கேட்டதுக்கு நீங்க பதிலே சொல்லலியே. இனிமே நான் யாருக்கு அனுப்ப?"

குணாளன் தாளின் ஓரத்தில் இருந்த செல்லக்கனியின் வட்ட எழுத்தை விரலால் தொட்டுக் காட்டினார்.

"இதைக் கேட்டவங்களுக்கு அனுப்புங்கக்கா. நானும் அங்கதான் அனுப்பப் போறேன்."