முதல் பரிசு வாங்கிய வளை

ஆவாரங்குளத்தின் கரையில் இருபது எலிக் குடும்பங்கள் வாழ்ந்தன. கீழே நெல்வயல், மேலே கருவேலங்காடு, நடுவில் பல்லுக்கு இதமான செம்மண். இத்தனை இருந்தும் ஒரு குறை இருந்தது. பிள்ளைகளை அதட்ட ஆள் இல்லை. அதனால் விழுந்து கிடந்த பனைமரத்தின் அடியில் ஒரு பள்ளிக்கூடம் வைத்து, மூக்கையன் என்ற பெருச்சாளியை வாத்தியாராக்கின. மூக்கையனுக்குப் பதினாலு மாத அனுபவம். எலிகளின் உலகத்தில் அது ஒரு தலைமுறை.

ஒருநாள் மூக்கையன் பிள்ளைகளுக்கு ஒரு புராஜெக்ட் கொடுத்தார். ஒவ்வொருவரும் தன் கையால், தன் பல்லால் ஒரு வளை தோண்ட வேண்டும். முன்வாசல் ஒன்று, திருப்பம் இரண்டு, தானிய அறை ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கள்ள வாசல்.

கள்ள வாசல்தான் எலிகளுக்கு உயிர். வளைக்குள்ளிருந்து மேல்நோக்கித் தோண்டிக்கொண்டே வந்து, தரைக்கு அடியில் விரல்கடை மண்ணை மட்டும் விட்டுவைப்பார்கள். முன்வாசலில் பாம்பு தலையை நீட்டினால் அந்த மண்ணை முட்டிக்கொண்டு ஓடிவிடலாம். அது எங்கே இருக்கிறது என்பதைத் தோண்டியவர் யாரிடமும் சொல்லமாட்டார். வாத்தியாரும் கேட்கமாட்டார். அந்தக் கரையில் அப்படி ஒரு வழக்கம்.

மூக்கையன் கொடுத்த கெடு இருபது நாள். தவிட்டு என்ற எலிக்குஞ்சுக்கு அது நிறைய நாளாகத் தெரிந்தது. பத்தொன்பது நாள் ஆலிலையில் உட்கார்ந்து கரையிலிருந்து சறுக்கி விளையாடினான். இருபதாம் நாள் விடிந்ததும், அதாவது எலிகள் படுக்கப் போகும் நேரத்தில், கொட்டாவி விட்டபடி அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னான்.

"அம்மா, இன்னிக்குச் சாயங்காலம் ஒரு வளை காட்டணுமாம்."

அவன் அம்மா நெல்லரசி தூக்கிவாரிப்போட்டு எழுந்தாள். எவ்வளவு தோண்டியிருக்கிறாய் என்று கேட்டாள். அவன் பெருமையாக அழைத்துப்போய்க் காட்டினான். அவன் வாலை நுழைத்தால் பாதி வால் வெளியே நிற்கும். அவ்வளவுதான் ஆழம்.

நெல்லரசி நல்ல தாய். பிள்ளையின் வேலையைப் பிள்ளைதான் செய்ய வேண்டும் என்று பக்கத்து வளை வேம்புவிடம் போன வாரம்கூட அரைமணி நேரம் பேசியவள். அதனால் அவள் தோண்டப்போவதில்லை. எப்படித் தொடங்குவது என்று காட்டிக்கொடுப்பாள், அதோடு சரி.

காட்டிக்கொடுத்தாள். முன்வாசல் முடிந்துவிட்டது. முன்வாசலை அப்படியே விட்டால் நன்றாகவா இருக்கும் என்று முதல் திருப்பம் வரைக்கும் போனாள். தவிட்டு வெளியே நின்று மேற்பார்வை பார்த்தான். அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்று அம்மாவைத் திருத்தினான். பிறகு ஒரு மண்கட்டியில் தலையை வைத்துத் தூங்கிப்போனான். பாவம், வளரும் பிள்ளை, தூங்கட்டும் என்று நெல்லரசி அவன் மேல் ஓர் இலையைப் போர்த்திவிட்டாள்.

வெயில் ஏறியபோது அவள் புருஷன் கொறிமுத்து வந்து எட்டிப்பார்த்தான். அவன் அந்தக் கரையிலேயே பேர்பெற்ற தோண்டுகாரன். மனைவியின் இரண்டாவது திருப்பத்தைப் பார்த்ததும் அவனுக்குப் பொறுக்கவில்லை. இதைப் போய்க் கொறிமுத்து மகன் தோண்டிய வளை என்றால் ஊர் என்ன நினைக்கும் என்று அவளை நகர்த்திவிட்டு உள்ளே இறங்கினான். சுவரை வாலால் தேய்த்து மெழுகினான். தானிய அறையை முட்டை வடிவத்தில் குடைந்தான். அது உருண்டையாக இருக்க வேண்டும் என்றாள் நெல்லரசி. இருவரும் சண்டை பிடித்தார்கள். புராஜெக்ட்டுக்கு உரியவன் குறட்டை விட்டான்.

கள்ள வாசலை மட்டும் நெல்லரசி விட்டுக்கொடுக்கவில்லை. தானிய அறைக்கு இடதுபக்கமாக அவளே தோண்டினாள். மகன் எழுந்ததும் இடத்தைக் காதில் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு தண்ணீர் குடிக்கக் குளத்துக்குப் போனாள்.

போகும் வழியில்தான் அவள் கரையைப் பார்த்தாள். மேலே பருந்து வட்டமடிக்கும் பட்டப்பகலில் கரை முழுவதும் மண் பறந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு குழியிலிருந்தும் ஒரு தாயோ தகப்பனோ மூக்கில் சேற்றோடு தலையை நீட்டினார்கள். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எல்லோரும் சும்மா காற்று வாங்க வந்ததாகச் சொல்லிக்கொண்டார்கள்.

வேம்பு மட்டும் தன் வளையில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் மகள் பொட்டு இருபது நாளாகத் தானே தோண்டிய வளையின் லட்சணம் கரைக்கே தெரியும். இரண்டு முறை கூரை இடிந்து விழுந்தது. மூன்று முறை வழி தவறி, எங்கோ போக வேண்டிய சுரங்கம் வேறெங்கோ வளைந்து தவிட்டுவின் வளைப் பக்கம் வந்து நின்றது. குழந்தை இப்படித் திண்டாடும்போது தூங்குகிறாளே, இவளெல்லாம் பெற்றவளா என்று நெல்லரசி மனதார வருத்தப்பட்டாள்.

அவள் திரும்பி வந்தபோது கொறிமுத்து கடைசி வேலையில் இருந்தான். மெழுகிய சுவரில் அங்கங்கே பாதிப் பல்லால் கடித்து வைத்துக்கொண்டிருந்தான். எதற்கு என்று கேட்டாள். பிள்ளை தோண்டியது போல இருக்க வேண்டாமா என்று கேட்டான். தன் புருஷனுக்கு இவ்வளவு அறிவா என்று அவள் பூரித்துப்போனாள்.

பொழுது சாய்ந்தது. தவிட்டுவை உலுக்கி எழுப்பி, முகம் துடைத்து, மீசையை நீவிவிட்டு இழுத்துக்கொண்டு ஓடினாள். இந்த அவசரத்தில் கள்ள வாசல் நினைவே வரவில்லை.

மூக்கையன் ஒவ்வொரு வளையாக மோந்து பார்த்துக்கொண்டே வந்தார். பொட்டுவின் வளையில் தலையை விட்டவர் காதெல்லாம் மண்ணோடு வெளியே வந்தார். திருப்பம் இரண்டு கேட்டால் ஐந்து இருக்கிறதே, தானிய அறையில் ஒரு நெல் வைத்தால் இன்னொரு நெல்லுக்கு இடமில்லையே என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பொட்டு தலையைக் குனிந்து நின்றாள். தவிட்டுவின் வளையில் அவர் நெடுநேரம் நின்றார். மெழுகிய சுவரைப் பார்த்தார். பாதிப் பல் கடிகளைப் பார்த்தார். கொறிமுத்துவின் பற்களையும் ஒருமுறை பார்த்தார்.

"முதல் பரிசு தவிட்டுவுக்கு!" என்று அறிவித்து, இரண்டு பருப்பு உள்ள முழு வேர்க்கடலை ஒன்றை அவன் கையில் கொடுத்தார்.

கொறிமுத்து மார்பை நிமிர்த்திக்கொண்டு, எல்லாம் பையனே செய்தது, நான் அந்தப் பக்கமே போகவில்லை என்று கேட்காதவர்களுக்கும் சொன்னான். நெல்லரசிக்கு ஆனந்தக் கண்ணீர் வந்தது.

அப்போதுதான் மூக்கையன் கடைசிச் சோதனையைச் சொன்னார். பரிசு வாங்கியவன் வளைக்குள் போக வேண்டும். முன்வாசலை மண்கட்டியால் மூடிவிடுவார்கள். அவன் கள்ள வாசல் வழியாக வெளியே வந்து எல்லோரையும் அசத்த வேண்டும். மகன் காதில் இடத்தைச் சொல்லவில்லை என்பது நெல்லரசிக்கு நினைவு வந்தது. ஒரு நிமிஷம், பையனுக்குத் தலைமுடி கலைந்திருக்கிறது என்று முன்னால் ஓடினாள். அதற்குள் தவிட்டு வேர்க்கடலையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான். கட்டி விழுந்து வாசல் மூடியது.

எல்லோரும் காத்திருந்தார்கள். தவிட்டு வரவில்லை. நாகப்பாம்பு வந்தது.

பெற்றோர் கல்லுக்குப் பின்னால் பாய்ந்தார்கள். வாத்தியார் கருவேல மரத்தில் ஏறினார். பிள்ளைகள் பரிசுக்கு வைத்த தங்கள் வளைகளை விட்டுவிட்டு அம்மாக்களின் வாலைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த வளைகளுக்குள் எது எங்கே இருக்கிறது என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. பொட்டு மட்டும் ஓசையில்லாமல் தன் கோணல் வளைக்குள் இறங்கிவிட்டாள்.

"பகலெல்லாம் இந்தக் கரையில மண்ணு பறந்துச்சு," என்றது பாம்பு. "எலிங்க தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டு என்னத்த கட்டுதுன்னு பாக்க வந்தேன். இது யாரு வீடு? ரொம்ப நேர்த்தியா இருக்கே."

பயத்தில் நடுங்கிக்கொண்டிருந்த கொறிமுத்துவின் மீசை, அந்தப் பாராட்டைக் கேட்டதும் ஒரு கணம் நிமிர்ந்தது. நெல்லரசி அதைப் பார்த்தாள். ஆயுசுக்கும் அதை மறக்கவில்லை.

பாம்பு கட்டியைத் தள்ளிவிட்டுத் தலையை உள்ளே விட்டது.

நெல்லரசி கத்த வாயைத் திறந்தாள். இடத்தைக் கத்திச் சொன்னால் பாம்புக்கும் கேட்கும். வளையைத் தோண்டியது யார் என்று கரைக்கே தெரிந்துவிடும். வெட்கம் ஒரு கணம் அவள் வாயைப் பொத்தியது. அந்த ஒரு கணத்தை நினைத்துப் பிறகு எத்தனையோ நாள் அழுதாள்.

"தவிட்டு! தானிய அறைக்கு இடதுபக்கம் முட்டுடா! அம்மா அங்கதான் கள்ள வாசல் வச்சிருக்கேன்!"

"அங்க இல்ல," என்றான் கொறிமுத்து. "அதை நான் அடைச்சிட்டேன். ரெண்டாவது திருப்பத்துல வலதுபக்கம் மாத்தி வச்சிட்டேன்."

"எப்பங்க மாத்துனீங்க?"

"நீ தண்ணி குடிக்கப் போனப்ப."

"என்கிட்ட சொல்லணும்னு தோணலையா?"

"கள்ள வாசலை யாராவது வெளிய சொல்லுவாங்களா?"

பாம்பு தலையை வெளியே எடுத்தது. "ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வாங்க," என்றது. "இடதா வலதான்னு தெரிஞ்சா எனக்கும் வசதி."

அந்த நேரத்தில் உள்ளேயிருந்து மெல்லிய குரல் ஒன்று கேட்டது.

"அம்மா, தானிய அறை எங்கம்மா இருக்கு?"

பாம்புகூட ஒரு நொடி திகைத்தது. பிறகு, இவனைப் பிடிக்க இடமும் வேண்டாம் வலமும் வேண்டாம் என்று தெரிந்துகொண்டு, சாவகாசமாக உள்ளே நுழைந்தது.

நெல்லரசி ஓடிப்போய்த் தன் பழைய இடத்தை மேலிருந்து பறண்டினாள். கொறிமுத்து பெரிய தோண்டுகாரன் அல்லவா, கல்போல அடைத்திருந்தான். அவன் தன்னுடைய இடத்துக்கு ஓடினான். அதன்மேல் வேறொரு பிள்ளையின் தகப்பன் பகலில் வாரியிறைத்த மண் குன்றுபோலக் கிடந்தது. இருவரும் நகம் பிய்யத் தோண்டினார்கள். காலையிலிருந்து தோண்டித் தோண்டி அவர்கள் கைகளில் வலுவே இல்லை. என் பிள்ளையை நானே கொன்றுவிட்டேன் என்று நெல்லரசி மண்ணில் முகத்தைப் புதைத்து அலறினாள்.

உள்ளே தவிட்டு, தான் கட்டாத வீட்டின் சுவர்களில் முட்டி முட்டி அழுதான். பாம்பின் மூச்சு முதல் திருப்பத்தைத் தாண்டியது. பிறந்ததிலிருந்து முதல்முறையாக அவன் முழுமூச்சாகப் பல்லால் மண்ணைக் கடித்தான். அப்பா மெழுகிய சுவர் கொஞ்சம்தான் பெயர்ந்தது. ஆனால் மறுபக்கத்திலிருந்தும் யாரோ கடிக்கும் சத்தம் வந்தது.

பொட்டுவின் சுரங்கம் மூன்றாம் முறை வழி தவறி வந்து நின்ற இடம் அந்தச் சுவர்தான். தான் எங்கெங்கே தவறு செய்தோம் என்று பொட்டுவுக்கு அங்குலம் அங்குலமாகத் தெரியும். அழுகைச் சத்தம் கேட்டதும் அவள் அந்த இடத்துக்கே வந்து கடித்தாள். ஓட்டை விழுந்தது. தவிட்டுவின் காதைப் பிடித்து இழுத்தாள். அவன் உடம்பு வந்துவிட்டது. பாதி வால் வரவில்லை, அது பாம்புக்குப் போனது. பெரிய உடம்பை அந்தச் சின்ன ஓட்டைக்குள் நுழைக்க முடியாமல் பாம்பு அரை வாலோடு சமாதானம் அடைந்தது. ஐந்து திருப்பங்களையும் கண்ணை மூடிக்கொண்டு தாண்டி, பொட்டு அவனைப் பனைமரத்தின் அடியில், பள்ளிக்கூடத்துக்கு நடுவிலேயே கொண்டுவந்து சேர்த்தாள். அங்கே ஒரு கள்ள வாசல் இருக்கும் என்று மூக்கையனுக்கே தெரியாது.

பாம்பு போன பிறகு மூக்கையன் மரத்திலிருந்து இறங்கினார். எல்லாம் தெரிந்தும் ஏன் எங்களுக்குப் பரிசு கொடுத்தீர்கள் என்று நெல்லரசி அழுதுகொண்டே கேட்டாள்.

"இருபதுல பத்தொன்பது வளை பெத்தவங்க தோண்டினதும்மா," என்றார் அவர். "பெத்தவங்க தோண்டினதுல உங்களோடதுதான் நல்லா இருந்துச்சு."

மறுநாள் பொழுது சாயும் முன்பே பெற்றோர் கூட்டம் நடந்தது. நெடுநேரம் பேசி ஒரு நல்ல முடிவுக்கு வந்தார்கள். இனிமேல் வளையைத் தோண்டிக் கொடுக்கும்போது, கள்ள வாசல் எங்கே என்று பிள்ளைக்குப் படம் வரைந்தும் கொடுத்துவிட வேண்டும். எல்லோரும் கை தூக்கினார்கள். வேம்பு வரவில்லை, தூங்கிக்கொண்டிருந்தாள். நெல்லரசியும் போகவில்லை.

அவள் வீட்டில் மகனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். தவிட்டு அவ்வளவு ஓட்டத்திலும் வேர்க்கடலையை விடவில்லை. ஒரு பருப்பு பொட்டுவுக்கு என்றான். பிறகு வழக்கம்போல, உரித்துக் கொடுக்கச் சொல்லி அம்மாவிடம் நீட்டினான். வழக்கம்போல அவள் கையும் நீண்டது. அவன் அரை வால் அவள் கண்ணில் பட்டது. கையை மடக்கித் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"நீயே உரிடா," என்றாள்.

அவனுக்கு விடியும்வரை ஆனது. ஓடு முழுவதும் எச்சில், ஒரு பருப்பு இரண்டாக உடைந்துவிட்டது. உடையாத பருப்பை எடுத்துக்கொண்டு அவன் பொட்டுவின் வளைக்கு ஓடினான். அவன் உரித்த அந்த அலங்கோலத்தை நெல்லரசி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மெழுகிய சுவரைப் பார்த்தபோது வராத சந்தோஷம் அவளுக்கு அப்போது வந்தது.

நீதி: பிள்ளையின் வேலையைப் பெற்றவர் செய்து முடித்தால் பரிசும் பிள்ளைக்குத்தான் வரும், பின்னாலேயே பாம்பும் பிள்ளைக்குத்தான் வரும்.