சைக்கிளுக்குப் பெண்டெடுத்தது

அசமந்தூருக்கு யாராவது புத்தி விற்க வந்தால், "எங்ககிட்ட இருக்கிறதே இன்னும் செலவாகலை" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த ஊர்த் தவசிக்கண்ணுக்கு இரண்டே சொத்து. ஒன்று, அப்பா காலத்து இரும்புச் சைக்கிள். ஒருமுறை எருமை அதன்மேல் உட்கார்ந்து எழுந்தது. வலி கண்டது எருமைக்குத்தான். இன்னொன்று, பதினோரு வருஷமாக வளர்த்த மீசை.

இரண்டுக்கும் ஒரே நாளில் ஆபத்து வந்தது. கொண்டுவந்தவன் மச்சினன் ஏகாம்பரம், தவசிக்கண்ணு பெண்டாட்டியின் தம்பி. கீழப்பொய்கையிலிருந்து புதுச் சைக்கிளில் வந்து இறங்கினான். சைக்கிளை ஒரு கையால் தூக்கி வைத்தான். அதற்கு மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை, ஸ்டாண்டு இல்லை, பெல்லும் இல்லை.

"என்ன மச்சான், இன்னும் இந்தப் பழைய இரும்பைத்தான் உருட்டுறீங்களா?"

"பழைய சக்கரம் பாறைடா. உன் சக்கரம் தும்மினா மடங்கிடும்."

பேச்சு வளர்ந்து பந்தயமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை ஆளுக்கு இரண்டு மூட்டை நெல்லை ஏற்ற வேண்டும். கண்மாய்க்கரையிலிருந்து அய்யனார் கோயில்வரை தள்ள வேண்டும். எவன் சக்கரம் மடங்குகிறதோ அவன் மீசையை எடுக்க வேண்டும்.

தவசிக்கண்ணு ஊருக்கு முன்னால் சரி என்று சொல்லிவிட்டான். வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் பின்சக்கரம் ஆடுகிறது. கூட்டாளிகள் பூச்சியப்பனையும் சடையப்பனையும் கூட்டிக்கொண்டு சைக்கிள்கடை பாயிடம் ஓடினான்.

பாய் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்த்தார். "இதுக்குப் பெண்டு எடுக்கணும். எடுக்காம லோடு ஏத்தாதீங்க. நான் வெளியூர் கிளம்பிட்டேன். கீழப்பொய்கையில எடுத்துக்கங்க, அங்க நல்லா எடுப்பாங்க" என்று சொல்லி ஷட்டரை இறக்கிவிட்டார்.

பெண்டு எடுப்பதென்றால் சக்கரத்தின் கோணலை நிமிர்த்துவது. இது உங்களுக்கும் எனக்கும் தெரியும். அசமந்தூரில் பெண்டு என்றால் பெண்பிள்ளைதான். மூன்று பேரும் மூடின கடைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள்.

"சைக்கிளுக்குமா பொண்ணு எடுக்கணும்?" என்றான் சடையப்பன்.

பூச்சியப்பன் ஊரில் யோசிக்கிறவன். நெற்றியைச் சுருக்கினான். "அதுக்கு வயசு என்ன?"

"நாப்பத்தி மூணு" என்றான் தவசிக்கண்ணு.

"நாப்பத்தி மூணு வயசு வரைக்கும் ஒண்டிக்கட்டையா நின்னா, சக்கரம் ஆடாம என்னப்பா செய்யும்?"

தவசிக்கண்ணுக்குச் சுருக்கென்றது. கூடவே வளர்ந்த பிள்ளைக்கு ஒரு நல்லது செய்து பார்க்கத் தோன்றவில்லையே என்று தன்னையே நொந்துகொண்டான்.

"முதல்ல அது ஆம்பளைதானா?"

"நடுவுல பார் இருக்குல்ல! ஜென்ட்ஸ் சைக்கிள்."

"பொண்ணுக்கு எங்க போறது?"

"பாய்தான் சொன்னாரே, கீழப்பொய்கையில எடுக்கச் சொல்லி! உன் மச்சினனோட சைக்கிள் இதுக்கு என்ன முறை ஆகுது?"

தவசிக்கண்ணு விரல் விட்டு எண்ணினான். "நான் அப்பன். என் பொண்டாட்டி ஆத்தா. ஆத்தாளுக்குத் தம்பி தாய்மாமன். அவன் சைக்கிள் மாமன் மக. அட, முறைப்பொண்ணு!"

"அது பாரும் சரிஞ்சு கிடந்துச்சு. தலை குனிஞ்சே நிக்கிற பொண்ணு."

"பெல்லும் இல்ல. எதிர்த்துப் பேசாது."

மறுநாள் வெற்றிலை பாக்குத் தாம்பாளத்தோடு புறப்பட்டார்கள். மாப்பிள்ளைமேல் ஏறிப் போவது மரியாதை இல்லை என்று ஆறு மைலும் நடந்தார்கள். மேடு வந்த இடத்தில் மாப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டார்கள்.

ஏகாம்பரத்தைப் பெற்றவளும் அசமந்தூர்க்காரிதான். தாம்பாளத்தைக் கண்டதும் அவனுக்குள் பெண்ணைப் பெற்றவனின் நெஞ்சு முளைத்துவிட்டது.

"பொண்ணு வந்து ஆறு மாசம்தான் ஆகுது. மாப்பிள்ளைக்கு வயசு கூடுதலா இல்லையா?"

"வயசானாலும் இரும்பு உடம்பு. பின்சக்கரத்துல மட்டும் நாப்பது கம்பி. பொண்ணுக்கு எத்தனை?"

"இருபத்தி நாலு." ஏகாம்பரத்தின் குரல் இறங்கிவிட்டது.

"பரவாயில்லைப்பா. குறையை நாங்க பெரிசு பண்ண மாட்டோம்" என்றான் தவசிக்கண்ணு பெருந்தன்மையாக.

"அலுமினிய உடம்பு மச்சான். சுத்தியால தட்டினா தாங்காது."

"தட்டுறதெல்லாம் மாப்பிள்ளையைத்தான். பொண்ணு மேல ஒரு தூசு படாது."

வெள்ளிக்கிழமை காலையில் அய்யனார் கோயிலில் கல்யாணம். சைக்கிளுக்குக் கழுத்து எது என்று தீர்மானிக்கவே அரைமணி ஆயிற்று. கடைசியில் ஹேண்டில்பாருக்குக் கீழே மஞ்சள் கயிற்றை முடிந்தார்கள். தூவிய அட்சதை கியருக்குள் விழுந்து கரகரவென்றது. "பொண்ணு அழுவுது" என்றான் சடையப்பன். ஏகாம்பரமும் துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதான்.

சம்பந்தியே ஆனாலும் சொன்ன சொல் சொன்னதுதான். கண்மாய்க்கரையில் மூட்டைகளை ஏற்றினார்கள். மாப்பிள்ளை கள்ளுக் குடித்தவன்போல ஆடி ஆடிப் போனது. ஆனாலும் போனது. பெண்ணுக்குக் கேரியர் இல்லாததால் சீட்டில் ஒரு மூட்டை, பாரில் ஒரு மூட்டை. பறப்பதற்குச் செய்த சக்கரம், பாவம், நெல்லைக் கண்டதா? பத்தாவது அடியில் அப்பளமாக மடங்கிவிட்டது.

"ஜெயிச்சேன்!" என்று குதித்தான் தவசிக்கண்ணு. சந்தோஷத்தில் மீசையை இரண்டு பக்கமும் முறுக்கினான்.

ஏகாம்பரம் அசையவில்லை. "மச்சான், கட்டிக் குடுத்த பொண்ணு எந்த வீட்டுப் பொண்ணு?"

"எங்க வீட்டுப் பொண்ணு."

"மடங்கினது யார் வீட்டுச் சக்கரம்?"

தவசிக்கண்ணுக்கு முகம் சுண்டிவிட்டது. "எங்க வீட்டுச் சக்கரம்."

"அப்ப மீசையை எடுங்க."

"மடங்காம நின்னதும் எங்க வீட்டுச் சக்கரம்தானே!"

எல்லோரும் பூச்சியப்பனைப் பார்த்தார்கள். அவன் வெகுநேரம் நெற்றியைச் சுருக்கினான். "வீட்டுல ஒண்ணு நின்னுச்சு, ஒண்ணு படுத்துச்சு. அதனால பாதி மீசை. தாலி ஏறினதும் பொண்ணை எடது பக்கம்தானே நிறுத்தினோம்? எடது மீசையை எடுத்துரு."

பாதியாவது மிஞ்சுகிறதே என்று தவசிக்கண்ணு கண்ணை மூடிக்கொண்டான். சடையப்பன் எதிரே குந்தி உட்கார்ந்து, கத்தியை வைத்து ஒரே இழுப்பாக இழுத்தான்.

தவசிக்கண்ணின் பின்னால் நின்ற பூச்சியப்பன் அலறினான். "அடப்பாவி, அது வலதுடா!"

"எனக்கு இதுதான் எடது."

"இங்க வந்து பாரு!"

சடையப்பன் பின்னால் போய் நின்று பார்த்தான். "ஆமா, வலதுதான். தப்பு நடந்துபோச்சு" என்று வருத்தப்பட்டான். உடனே முன்னால் வந்து மற்றதையும் எடுத்துத் தப்பைச் சரிசெய்தான்.

தவசிக்கண்ணு தடவிப் பார்த்தான். பதினோரு வருஷம்! நடுக்கரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதான்.

"எதுக்கு அழுவுற?" பூச்சியப்பன் அவன் தோளைத் தட்டினான். "எடது பக்கம்தான் நீ தோத்தது. வலது பக்கம் கைதவறிப் போனது, தீர்ப்புல வராது. அந்தப் பக்கம் உனக்கு மீசை இருக்கு."

"நெசமாவா?"

"இருக்கட்டும் மச்சான், வெச்சுக்கங்க" என்று ஏகாம்பரமும் விட்டுக்கொடுத்தான்.

தவசிக்கண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தான். பெண்டாட்டி அவன் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். அவன் நடந்ததைச் சொன்னான். "போவுது, வலது பக்கமாச்சும் தப்பிச்சுதே" என்று பெருமூச்சுவிட்டுக் கஞ்சியை ஊற்றி வைத்தாள்.

அவன் சட்டியைத் தூக்கினான்.

"பார்த்துக் குடிங்க, மீசை நனையப்போவுது" என்றாள்.

தவசிக்கண்ணு வலது பக்கத்தை இரண்டு விரலால் பதனமாக ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, இடது பக்கமாகக் கஞ்சியைக் குடித்தான்.