பன்னிரண்டு நாள் ஓலை

போக ஆறு நாள், வர ஆறு நாள். இதை மட்டும் மனதில் வையுங்கள். மற்றதைக் கதை பார்த்துக்கொள்ளும்.

வேம்பூர் அரசனுக்கு மலைக்கு அப்பால் கருங்கோட்டையில் ஒரு தூதர். சேந்தனார் என்று பெயர். அவருக்குத் தலைநகரிலிருந்து போகும் ஆணையெல்லாம், அரசாணை எழுதும் அதிகாரியான ஓலைநாயகம் அம்பலவாணரின் முத்திரையோடுதான் போகும். அம்பலவாணர் கருங்கோட்டையைக் கனவில்கூடக் கண்டதில்லை. ஆனால் தூதர் அங்கே எந்தப் பக்கம் திரும்பித் தும்ம வேண்டும் என்று இங்கிருந்தே எழுதுவார்.

கடைசியாக ஓர் ஓலை வந்தது. 'முத்திரையிட்ட ஆணை இல்லாமல் வாய் திறக்காதே.'

மறுநாளே கருங்கோட்டை அரசன் சேந்தனாரைக் கூப்பிட்டான். "என் படை உங்கள் எல்லையில் நிற்கிறது. சமாதானமா, சண்டையா? பொழுது சாய்வதற்குள் சொல்லும்."

சேந்தனார் ஓலையைப் பார்த்தார். சூரியனைப் பார்த்தார். "சமாதானம்" என்றார். படை திரும்பிப் போயிற்று.

இதற்குக் கிடைத்த பரிசு, விசாரணைக்கு வா என்று ஓர் ஆணை.

சபையில் அம்பலவாணர் குதித்தார். "ஆணையை மீறியவன் தலை கழுத்தில் தங்கக் கூடாது, அரசே. இன்று இவனை விட்டால் நாளை எல்லாத் தூதனும் மீறுவான்."

அரசன் சங்கடப்பட்டான். "நாடு பிழைத்தது உண்மை. ஆணையை மீறியதும் உண்மை. என்ன சொல்கிறீர், சேந்தனாரே?"

"அந்த ஓலையை ஓலைநாயகமே ஒரு தடவை படிக்கட்டும், அரசே. எழுத்து பொடி. விளக்கு கிட்ட இருந்தால் நல்லது."

சேந்தனாரே குத்துவிளக்கை நகர்த்தி வைத்தார். கொஞ்சம் அதிகமாகவே நகர்த்தினார்.

அம்பலவாணர் செருமிக்கொண்டு, "முத்திரையிட்ட ஆணை இல்லாமல்..." என்று கையை வீசினார். இடுப்பில் கட்டியிருந்த சால்வையின் நுனி திரியில் பட்டது. புகைந்தது. பற்றியது. முடிச்சோ அவிழ மாட்டேன் என்றது.

சேந்தனார் அருகில் தண்ணீர்க் கெண்டி இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எழுத்தாணியை எடுத்தார். உரக்கப் படித்துக்கொண்டே எழுதினார்.

"ஓலைநாயகம் அவர்கள் சமூகத்துக்கு. தங்கள் சால்வை எரிகிறது. அணைக்கலாமா?"

"அணைத்துத் தொலையும் ஓய்!"

"வாய்ச்சொல் செல்லாதே, ஐயா. முத்திரை வேண்டும்."

அரசனே இறங்கி வந்து கெண்டியைக் கவிழ்த்தான்.

"சேந்தனார் தலை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்" என்றான். தன் முத்திரை மோதிரத்தைக் கழற்றி அவர் கையில் வைத்தான். "இனித் தூதருக்கு ஆணை எழுதுகிறவர் இவர். கருங்கோட்டைக்கு அம்பலவாணர் போகட்டும். ஆணை பழையதுதான். ஓர் எழுத்து மாறாது."

நனைந்து நின்றவர் பதறிப்போனார். "அரசே, ஓலை போய் வரப் பன்னிரண்டு நாள் ஆகுமே. அந்த ஊர் அரசன் பொழுது சாய்வதற்குள் பதில் கேட்கிற ஆள். நான் என்ன செய்வேன்?"

அரசன் வயிறு குலுங்கச் சிரித்தான். சேந்தனார் சிரிக்கவில்லை. எழுத்தாணியை அம்பலவாணரிடம் நீட்டினார்.

"எழுதிக் கேளும்."