இசக்கி பேரைச் சொன்ன கிளி

வழி தெரியாத ஊரு ஒண்ணு இருந்துச்சாம். ஊர்க்காரங்களுக்கு வழி தெரியும், வெளியில இருந்து வர்றவங்களுக்குத்தான் தெரியாது. ஒரு தெரு போய் இன்னொரு தெருவுல முட்டும், அது வளைஞ்சு மறுபடி முதல் தெருவுக்கே வரும், நடுவுல சந்து, சந்துக்குள்ள முடுக்கு. பக்கத்து ஊர்ல இருந்து பொண்ணு பார்க்க வந்தவங்க, சுத்திச் சுத்தி வேற ஒருத்தர் வீட்டுல உக்காந்து பஜ்ஜி தின்னுட்டுப் போன கதையெல்லாம் உண்டு.

அதனால அந்த ஊரு ராஜாவோட தாத்தா ஒரு ஏற்பாடு பண்ணி வச்சிருந்தாராம். கோட்டை வாசல்ல ஒரு கிளிக்கூடம். தொழில் பண்றவங்களுக்காக வச்சது, முதல்ல யாரு வந்தாலும் அங்க ஒரு கிளியை வாங்கிக்கலாம். அதைத் தன் வீட்டு நிலைப்படியில உக்கார வச்சு, கொய்யாப்பழம் ஊட்டி, தன் பேரை மூணு தடவை சொல்லிக் குடுத்து, திரும்பக் கொண்டுபோய் விட்டுடணும். அப்புறம் வெளியூர்க்காரங்க வந்து கூடத்துல அந்தப் பேரைச் சொன்னா, அந்தக் கிளி மட்டும் பறந்து வரும். தெருமுனைக்குத் தெருமுனை நின்னு நின்னு கூட்டிக்கிட்டுப் போய், கொய்யாப்பழம் தின்ன வீட்டு வாசல்ல உக்காந்துக்கும். ஒரு பேருக்கு ஒரு கிளிதான். இப்ப நீங்க செல்போன்ல ஒரு கடைப் பேரைத் தட்டினா அந்தக் கடை வந்து நிக்குதுல்ல, அதே மாதிரி. நல்ல ஏற்பாடுதான். ஒரே ஒரு ஓட்டையைத் தவிர. அந்த ஓட்டைதான் கதை.

அந்த ஊர்ல இசக்கின்னு ஒருத்தி இருந்தாளாம். மாட்டு வைத்தியம் பார்க்குறவ. மாடு எந்திரிக்கலையா, இசக்கி. கன்னு பால் குடிக்கலையா, இசக்கி. காளை நொண்டுதா, இசக்கி. நல்ல கைராசி, அதைவிட நல்ல வாய். விடிஞ்சா யார்கூடவாவது ஒரு வழக்கு அவளுக்கு இருக்கணும். ஆனா ஒண்ணு, ஞாயம் இல்லாத வழக்குக்கு வாயைத் திறக்கவே மாட்டா.

அவ பண்ணின தப்பு என்னன்னா, தனக்குன்னு ஒரு கிளி வாங்கலை. கேட்டா, "மாட்டை ஓட்டிக்கிட்டு வர்றவங்க கிணத்தடியில கேட்டா சொல்லப்போறாங்க, எனக்கெதுக்குக் கிளி"ன்னு சொல்லுவாளாம். அந்த ஊர்ல பாதிப் பேர் இப்படித்தான். நம்மளைத் தெரியாதவங்க யாருன்னு ஒரு நினைப்பு.

அதே ஊர்ல ஏகாம்பரம்னு ஒரு ஆளு. அவருக்குத் தொழில் ஒண்ணும் கிடையாது, காது மட்டும் ரொம்ப நீளம். கோட்டை வாசல்ல உக்காந்து, வெளியூர்க்காரங்க என்ன பேசிக்கிறாங்கன்னு கேட்டுக்கிட்டே இருப்பாரு. "சாத்தையா சமைச்சா கல்யாணமே தனி"ன்னு யாராவது சொல்லிட்டாப் போதும், ஓடிப்போய் ஒரு கிளியை வாங்கி, தன் வீட்டு வாசல்ல வச்சு, "சாத்தையா, சாத்தையா, சாத்தையா." கொய்யாப்பழம். "கம்பு சுத்தணும்னா வேலாண்டி வாத்தியார்தான்"னு காதுல விழுந்துச்சா, ஓடிப்போய், "வேலாண்டி, வேலாண்டி, வேலாண்டி." கொய்யாப்பழம். ஒருநாள், "அந்த இசக்கி தொட்டா செத்த மாடும் கத்தும்ப்பா"ன்னு ரெண்டு பேர் பேசிக்கிட்டுப் போனாங்க. அப்புறம் என்ன நடந்துச்சுன்னு நீங்களே சொல்லிடுவீங்க. ஆமா. கொய்யாப்பழம்.

மேலக்காட்டுல இருந்து ஆண்டியப்பன்னு வெள்ளாமை பண்ற ஒரு சம்சாரி, வயிறு உப்பிப்போன கறவைப் பசுவை ஓட்டிக்கிட்டு வந்தாராம். கூடத்துல "இசக்கி"ன்னாரு. கிளி பறந்துச்சு, நின்னுச்சு, பறந்துச்சு, நேரா ஏகாம்பரம் வாசல்ல போய் உக்காந்துச்சு. ஏகாம்பரம் தலையில ஒரு துண்டைக் கட்டிக்கிட்டு வெளிய வந்து, இசக்கி தன் ஆளுதான்னும், மருந்து தானே தர்றதாவும் சொல்லி, அடுப்புச் சாம்பலைத் தண்ணியில கரைச்சு ஊத்தி அனுப்பிட்டாரு. பசு கோட்டை வாசலைத் தாண்டலை. அங்கேயே படுத்துடுச்சு.

ஆண்டியப்பன் பொண்டாட்டி பின்னாடியே வந்தவ, கிணத்தடியில நின்னு மண்ணை வாரித் தூத்தி, இசக்கி விளங்குவாளா, அவ கை விளங்குமான்னு ஏசிக்கிட்டிருந்தாளாம். அந்த நேரம் பார்த்து இசக்கி அங்கதான் தண்ணி இறைச்சுக்கிட்டிருந்தா. குடத்தை இறக்கி வச்சுட்டு நிதானமா கேட்டா:

"யக்கா, அந்த இசக்கியை நீ பார்த்திருக்கியா?"

"நான் எதுக்கு அந்த மூதேவி மூஞ்சில முழிக்கணும்?"

"இப்ப முழிச்சுக்கிட்டிருக்கியே. நாந்தான் அது. பசு எங்க?"

ரெண்டு பேரும் ஓடினாங்க. இசக்கி நல்லெண்ணெயில பெருங்காயத்தைக் கரைச்சு ஊத்தி, வயித்தை நீவி நீவி விட்டு, கைத்தாங்கலா எழுப்பி நடத்தினா, நடத்தினா, பொழுது சாயுற வரைக்கும் நடத்தினா. கடைசியில பசு ஒரு ஏப்பம் விட்டுச்சு பாருங்க, கோட்டைக் காவலாளி தூக்கத்துல இருந்து எந்திரிச்சு சலாம் வச்சானாம். பசு பிழைச்சுக்கிச்சு. இசக்கிக்குத்தான் மனசு ஆறலை. இந்தப் பசு பிழைச்சது, தான் கிணத்தடியில இருந்ததால. அடுத்த பசுவுக்கு யாரு இருப்பா?

கிளி எந்த வாசல்ல உக்காந்துச்சு, அங்க இருந்த ஆளு எப்படி இருந்தாருன்னு ஆண்டியப்பன்கிட்டக் கேட்டுக்கிட்டு, நேரா கிளிக்கூடத்துக்குப் போனா. அங்க கிளிமேஸ்திரி, கிளிகளுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு, வெத்தலை மென்னுக்கிட்டிருந்தாரு.

"ஏன் மேஸ்திரி, மீசை வச்ச ஒரு ஆளு வந்து இசக்கின்னு கிளி கேட்டா, நீர் யாரு, உமக்கும் இந்தப் பேருக்கும் என்ன சம்பந்தம்னு கேக்க மாட்டீரா?"

"கேக்குறது என் வேலை இல்லம்மா. குடுக்குறதுதான் என் வேலை. யாரு முதல்ல வர்றாங்களோ அவங்களுக்கு."

எப்படி இருக்கு பாருங்க. இதைக் கேட்டு உங்களுக்குக் கோவம் வரலைன்னா இப்பவே எந்திரிச்சுப் போயிடுங்க, உங்களுக்கு நான் கதை சொல்ல மாட்டேன்.

அங்க இருந்து ஏகாம்பரம் வீட்டுக்குப் போனா. போய்ப் பார்த்தா, முத்தத்துல சமையல்காரர் சாத்தையா அண்டாவைக் கிண்டிக்கிட்டிருக்காரு, வேலாண்டி வாத்தியாரு கம்பைக் கீழ வச்சுட்டு ஏகாம்பரம் வீட்டுத் தொட்டிக்குத் தண்ணி தூக்குறாரு. கிளி இங்கதான் வந்து உக்காருது, வர்ற ஆளுங்க இங்க வர்றாங்க, வேற எங்க போய்ப் பிழைக்கிறதுன்னு ரெண்டு பேரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்களாம். ஏகாம்பரம் ஊஞ்சல்ல ஆடிக்கிட்டே, "வா இசக்கி, உனக்கும் அந்த மூலையில ஒரு இடம் வச்சிருக்கேன். பேரு என்கிட்ட இருக்கட்டும், வேலை உன்கிட்ட இருக்கட்டும்"னாரு. "என் பேரை எடுத்துட்டு எனக்கே வாடகைக்கு விடுறீரா?"ன்னு இசக்கி கேட்டா. அதுக்கு அவர் சொன்னது ஒரே பதில். அவர்கிட்ட இருந்ததும் அது ஒண்ணுதான்.

"முதல்ல வந்தேன், முதல்ல சொன்னேன், கிளி என்னுது."

மறுநாள் வழக்கு ராஜாகிட்டப் போச்சு. ராஜா நல்லவருதான், ஆனா தாத்தா சொன்னதுன்னா ஒரு எழுத்து மாத்த மாட்டாரு. தாத்தா வச்ச செருப்பு கடிக்குதுன்னு தெரிஞ்சும் அதையே போட்டுக்கிட்டு நொண்டுற ராஜா.

இசக்கி மூணு கேள்வி கேட்டாளாம்.

முதல் கேள்வி. கிளி சொல்ற பேரு யாரு பேரு? மாடு வச்சிருக்கிற எவனைக் கேட்டாலும் இசக்கின்னா யாருன்னு சொல்லுவான். சபையில எல்லாரும் தலையாட்டினாங்க. ஏகாம்பரம், "இருக்கட்டும். முதல்ல வந்தேன், முதல்ல சொன்னேன், கிளி என்னுது"ன்னாரு.

ரெண்டாவது கேள்வி. அந்தப் பேருல அவருக்கு என்ன பாத்தியதை? அவங்க அம்மா அப்படிக் கூப்பிட்டாளா, பொண்டாட்டி கூப்பிட்டாளா, ஒரு மாட்டு வாலையாவது தொட்டிருக்காரா? சபையில சிரிச்சாங்க. ஏகாம்பரம் சிரிக்கலை. "முதல்ல வந்தேன், முதல்ல சொன்னேன், கிளி என்னுது."

மூணாவது கேள்வி. எந்த நினைப்புல எடுத்தாரு? சாத்தையா பேரு, வேலாண்டி பேரு, என் பேரு, மூணும் ஒரே வாசல்ல எப்படி வந்து உக்காந்துச்சு? தெரியாம ஒண்ணு எடுக்கலாம். மூணுமா? சபையில ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. ஏகாம்பரம் மட்டும், "முதல்ல வந்தேன், முதல்ல சொன்னேன்..."

அப்ப மந்திரி ஒரு குறுக்குக் கேள்வி போட்டாரு. "ஏம்மா, தெக்குத் தெருவுல மோர் விக்கிற இசக்கின்னு இன்னொருத்தி இருக்காளே. அவ முதல்ல வந்து கிளி வாங்கியிருந்தா, அவகிட்டயும் இப்படித்தான் சண்டைக்கு நிப்பியா?"

"நிக்க மாட்டேங்க. அது அவ பேரு, அவங்க அம்மா வச்சது, அந்தப் பேருல அவ மோர் விக்கிறா. நான் போய் மாட்டு இசக்கின்னு வேற கிளி வாங்கிக்குவேன். முதல்ல வந்ததைப் பத்தி எனக்கு வழக்கே இல்ல. முதல்ல வந்து என்ன செஞ்சாருங்கிறதுதான் வழக்கு."

நல்லாத்தான் இருந்துச்சு. ராஜாவுக்கும் புரிஞ்சுது. ஆனா மனுஷன் பெருமூச்சு விட்டு, "ஞாயம் உன் பக்கம்தான் தாயி. ஆனா தாத்தா சட்டத்துல முதல்ல வந்தவனுக்குன்னு மட்டுந்தானே இருக்கு, அதை நான் எப்படி மாத்துவேன்"னாரு.

இசக்கி முந்தானையை இழுத்துச் சொருகினா. அவ முந்தானையைச் சொருகினா ஏதோ வருதுன்னு அர்த்தம்.

"மாத்த வேண்டாங்க. கிளி அவருக்கே இருக்கட்டும். பேரும் அவருக்கே இருக்கட்டும். ஆனா பேரைச் சொல்லிக்கிட்டு வர்றவங்க சும்மா வர்றதில்ல, ஒரு வேலையோட வர்றாங்க. யாரு வாசல்ல கிளி உக்காருதோ, அந்த வேலையை அவரே, தன் கையால, பொழுது சாயுறதுக்குள்ள முடிக்கணும். இதுக்கு ஒரு உத்தரவு போடுங்க. தாத்தா இதை வேண்டாம்னு சொல்லலையே?"

தாத்தா வேண்டாம்னு சொல்லலை. ராஜா முகம் மலர்ந்து போச்சு. உத்தரவு போட்டாச்சு, கூடவே பார்த்துக்க ஈட்டியோட ஒரு சேவகன். ஏகாம்பரம் சாத்தையாவையும் வேலாண்டியையும் திரும்பிப் பார்த்தாரு. அவங்க ரெண்டு பேரும் அண்ணாந்து அரண்மனைக் கூரையை ரசிச்சுக்கிட்டிருந்தாங்களாம்.

மறுநாள் காலையில கிளி வந்து வாசல்ல உக்காந்து, "சாத்தையா"ன்னுச்சு. பின்னாடியே ஒரு கல்யாணக் கூட்டம், வண்டி வண்டியாக் காய்கறி, மத்தியானப் பந்திக்கு ஆக்கிப் போடணுமாம். ஏகாம்பரம் கரண்டி பிடிச்சாரு. சாம்பார்ல புளி போட்டாரு, பத்தலையோன்னு மறுபடி போட்டாரு, போட்டோமான்னு மறந்து மறுபடி போட்டாரு. முதல் பந்தியில மாப்பிள்ளையோட மாமா ஒரு வாய் வச்சாரு. ஒரு கண்ணு மூடினது மூடினதுதான், சாயங்காலம் வரைக்கும் திறக்கலை. அண்டாவை ஏகாம்பரம் தலையிலயே கவுத்துட்டு, சம்பந்தி வீட்டுக்காரங்க வாழைப்பழத்தைத் தின்னுட்டுப் போனாங்க.

சாம்பாரைத் துடைக்கல, அதுக்குள்ள அடுத்த கிளி வந்து, "வேலாண்டி"ன்னுச்சு. பின்னாடி பனைமரம் கணக்கா ஒருத்தன். "வேலாண்டி வாத்தியாரை ஒருதடவை கம்புல பார்க்கணும்னு எங்க ஊர்ல இருந்து நடந்தே வந்தேன்"னு கும்பிட்டான். கும்பிட்டு முடிச்சதும் அடிச்சான். ஏகாம்பரம் கம்பை எந்தப் பக்கம் பிடிக்கிறதுன்னு யோசிக்கிறதுக்குள்ள முதுகுல ஒண்ணு, முட்டியில ஒண்ணு, மூணாவது எங்கன்னு நான் சொல்ல மாட்டேன், அப்புறம் அவர் ஊஞ்சல்ல உக்காரலை.

பொழுது சாயுற நேரம். மூணாவது கிளி, மெதுவா, "இசக்கி." பின்னாடி ஒரு மயிலைக் காளை, பின்னங்கால் குளம்புல கருவேல முள்ளு, கண்ணு ரெண்டும் செவசெவன்னு. சேவகன் ஈட்டியைத் தட்டி, "ம், எடும்"னான். ஏகாம்பரம் காளைக்கு நேர் பின்னால போய்க் குனிஞ்சாரு. மாட்டை அறிஞ்ச எவனாவது அங்க போய் நிப்பானா? விட்டுச்சு ஒரு உதை. மனுஷன் முத்தத்தைத் தாண்டி, வேலியைத் தாண்டி, எருக்குழியில போய் விழுந்தாரு.

விழுந்த இடத்துல இருந்தே கையெடுத்துக் கும்பிட்டு, "இசக்கி, தாயி, உன் பேரை நீயே எடுத்துக்கோ"ன்னாரு.

இசக்கி தெருமுனையிலதான் காத்துக்கிட்டிருந்தா. வந்து அவரைப் பார்க்கலை, முதல்ல காளையைப் பார்த்தா. அவ வழக்குக்கு அந்த வாயில்லா ஜீவன் எதுக்கு நோகணும்? தோள்பட்டைப் பக்கமாப் போய், தட்டிக் குடுத்து, பேசிக்கிட்டே காலைத் தூக்கி முள்ளை எடுத்தா. அப்புறந்தான் திரும்பி, "முதல்ல வந்தீர், முதல்ல சொன்னீர், இப்ப முதல்ல விழுந்தும் கிடக்கீரே"ன்னா.

எடுத்துக்கோன்னு சொன்னா ஆச்சா? கிளிக்கு ஏகாம்பரம் வாசல்தானே தெரியும். அதனால ராஜா தீர்ப்புச் சொன்னாரு. ஏகாம்பரமே ஒவ்வொருத்தர் வாசலாப் போய், வெயில்ல உக்காந்து, தன் கைக்காசுல கொய்யாப்பழம் வாங்கி ஊட்டி, கிளி பழைய வீட்டை மறக்கிற வரைக்கும் பேரைச் சொல்லிக் குடுக்கணும். "இசக்கி, இசக்கி, இசக்கி." கிளிகளும் லேசுல மறக்கலை, ஓசிப் பழத்தை யாரு விடுவா? கிளிமேஸ்திரிக்கும் புது உத்தரவு வந்துச்சு: இனிமே கிளி கேட்டு வர்றவங்ககிட்ட, உன் தொழில் என்னன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் குடுக்கணும்.

எல்லாம் முடிஞ்சதும் ஏகாம்பரத்துக்கு ஒரு ஆசை. தனக்குன்னு, தன் சொந்தப் பேருல ஒரு கிளி வேணும். கூடத்துக்குப் போய், "ஏகாம்பரம்"னாரு. மேஸ்திரி வெத்தலையைத் துப்பிட்டு, "பேரு சரி. தொழில்?"னாரு.

ஏகாம்பரம் யோசிச்சாரு. இந்தக் காலை மாத்தி நின்னு யோசிச்சாரு, அந்தக் காலை மாத்தி நின்னு யோசிச்சாரு. இன்னும் அங்கதான் நிக்கிறாராம்.

இப்பவும் செல்போனுக்குள்ள கிளிக்கூடம் இருக்கு. ஊரறிஞ்ச கடைப் பேரை முந்திக்கிட்டு எழுதி வச்சுக்கிட்டு, நாந்தான் முதல்ல வந்தேன்னு ஊஞ்சல் ஆடுறவங்களும் இருக்காங்க. பார்த்தீங்கன்னா இசக்கியோட மூணு கேள்வியைக் கேளுங்க. அதுக்கு முன்னாடி, உங்க பேருக்கு ஒரு கிளியை நீங்களே வாங்கி வச்சுக்குங்க.

கிளி கூடத்துக்குப் போச்சு, பேரு வீட்டுக்கு வந்துச்சு, நீங்க படுக்கைக்குப் போங்க.