தட்டின் மேல் ஒரு மூடி

ரெங்கராஜு அன்று மடத்துக்கு வந்த வேகத்தில் செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றவில்லை. ஒன்று படியில் கிடந்தது, இன்னொன்று மண்ணில்.

சாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வயதில் ரெங்கராஜுவுக்குப் பத்து வருஷம் இளையவர். ஆனாலும், மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ரெங்கராஜு, மனசு கலங்கினால் வந்து நிற்பது அவர் முன்னால்தான்.

“மூணு பேரை நிறுத்திடலாம்னு இருக்கேன் சாமி. உங்க உத்தரவு வேணும்.”

“யாரை?”

“டோலக் குப்பண்ணன், ஜால்ரா வையாபுரி, பின்பாட்டு செல்லமுத்து.”

“உங்க பஜனைக் குழுவுல மொத்தம் எத்தனை பேருங்க?”

“என்னோட சேர்த்து நாலு.”

சாமி சிரிக்கவில்லை. ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டார்.

யாரும் முறையாகப் பாட்டுப் படித்தவர்கள் இல்லை. குப்பண்ணன் தையல்காரர். வையாபுரி பஸ்ஸுக்குப் பெயின்ட் அடிப்பவர். செல்லமுத்துவுக்கு மில்லில் துணி மடிக்கிற வேலை. புரட்டாசி சனிக்கிழமை வந்தால் கூப்பிட்ட வீட்டுக்குப் போய்ப் பெருமாள் படத்தின் முன்னால் பாடுவார்கள். பெருமாளுக்குப் படைக்கும் தளிகை அடுக்களையில் தயாராகும்வரை பாட்டு. தளிகைத் தட்டு வெளியே வந்ததும் மங்களம் பாடி, கற்பூரம் காட்டி, பந்தி போடுவார்கள்.

“என்ன தப்பு பண்ணினாங்க?” என்றார் சாமி.

“பாடும்போது ஒருத்தன் கண்ணும் பெருமாள் மேல இல்லை. மூணு பேரும் அடுக்களையைப் பார்த்தே உட்கார்றாங்க. நெய் வாசம் வந்தா வையாபுரிக்கு ஜால்ரா தறிகெட்டு ஓடுது. போன வாரம் வடை ஆகத் தாமதம். கடைசி நாமாவளியைப் பதினோரு தடவை திருப்பித் திருப்பிப் பாடுறாங்க. நான் ஆர்மோனியத்தை மூடப் போனா, செல்லமுத்து காதுல சொல்றான், ‘பொறுங்கண்ணா, இன்னும் ஒரு ஈடு வேகணும்’னு. தட்டு தலை காட்டினதும் பாதி வரியை அப்படியே விட்டுட்டு மங்களத்துக்குத் தாவுறாங்க!”

“கேட்டீங்களா?”

“கேட்டேனே. ‘உங்களுக்குச் சுகர் அண்ணா, எங்களைப் பார்த்தா எரியத்தான் செய்யும்’ங்கிறான் குப்பண்ணன்.”

இப்போது சாமி சிரித்துவிட்டார்.

ரெங்கராஜுவுக்குக் கண் கலங்கியது. “வயித்துக்காகப் பாடுறவங்களைப் பெருமாள் முன்னால உட்கார வைக்கலாமா சாமி?”

“வர்ற சனிக்கிழமை யார் வீட்டுல?”

“மங்கத்தாயி அம்மா வீட்டுல.”

“அன்னிக்கு நீங்க பாட வேண்டாம். அடுக்களையில போய் உட்காருங்க. மறுநாள் வந்து சொல்லுங்க, நிறுத்திடலாம்.”

சனிக்கிழமை மங்கத்தாயி வீட்டுக் கூடத்தில், தொண்டை சரியில்லை என்று மற்ற மூவரிடமும் சொல்லிவிட்டு ரெங்கராஜு எழுந்தார்.

“சாப்பிடவாவது தொண்டை திறக்குமாண்ணா?” என்றான் வையாபுரி.

ரெங்கராஜு நேராக அடுக்களைக்குப் போனார். அங்கே மங்கத்தாயி ஒற்றை ஆளாக நின்றுகொண்டிருந்தாள். உறவு சனம் முழுக்கக் கூடத்தில்.

“ஐயோ, இந்தச் சூட்டுல எதுக்குங்க? கூடத்துல ஃபேன் ஓடுதே.”

“பரவாயில்லைம்மா. ஓரமா இருக்கேன்.”

ஒரு பலகையைத் துடைத்துப் போட்டாள். பொங்கலும் புளியோதரையும் ஆகியிருந்தன. வடைக்கு எண்ணெய் வைத்திருந்தாள். விடிவதற்கு முன்னால் குளித்த தலை, இன்னும் ஈர முடிச்சாகவே இருந்தது.

கூடத்தில் பாட்டு ஆரம்பித்தது. மூன்று கழுத்துகளும் அடுக்களை வாசல் வழியாக உள்ளே நீண்டன. குரலும் அப்படியே நேராக உள்ளே வந்தது.

“நீங்க பாடலீங்களா?” என்று கேட்டாள், மாவைத் தட்டிக்கொண்டே.

“தொண்டை கட்டிக்கிச்சும்மா.”

“உங்களுக்கு நல்ல கனமான குரல்னு எங்க வீட்டுக்காரர் சொல்வாருங்க. நாலு வருஷமா வர்றீங்க, நான் கேட்டதில்லை. இந்தப் பக்கம் அவங்க மூணு பேர் பாடுறதுதான் வரும்.”

ரெங்கராஜு கூடத்தைப் பார்த்தார். அவர் வழக்கமாக உட்காரும் இடம் தெரிந்தது. படத்துக்கு நேராக, அடுக்களைக்கு முதுகைக் காட்டி.

கடைசி நாமாவளி வந்தது. கடைசி ஈடு வடையும் வெந்தது. மங்கத்தாயி அடுப்பை அணைத்தாள். தட்டில் இலை போட்டு எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள்.

“ஆச்சுல்லம்மா? கொடுங்க, நான் கொண்டுபோறேன்” என்று எழுந்தார்.

அவள் ஒரு மூடியை எடுத்துத் தட்டை மூடினாள்.

“கொஞ்சம் இருங்க. தட்டு வெளியே போனா பாட்டு நின்னுடும்.”

வெளியே இருந்து வையாபுரி புருவத்தைத் தூக்கினான். ‘இல்லை’ என்று தலையாட்டினாள். அவன் பெருமூச்சு விட்டு ஜால்ராவைத் தட்ட, நாமாவளி மறுபடியும் முதலிலிருந்து சுற்றியது.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். உதடு பாட்டோடு அசைந்தது. கழுத்தில் வழிந்த வேர்வையை அவள் துடைக்கவில்லை.

“மங்கத்தாயி, இன்னுமா ஆகலை?” கூடத்திலிருந்து வீட்டுக்காரர் குரல்.

“எண்ணெய் காயலீங்க!” என்றாள், கண்ணைத் திறக்காமலே.

ரெங்கராஜு சத்தம் வராமல் பலகையில் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் மடத்துக்குப் போய், நடந்ததையெல்லாம் சாமியிடம் ஒன்றுவிடாமல் சொன்னார்.

“சரி. மூணு பேருக்கும் நானே சொல்லி அனுப்பட்டுமா?”

“வேண்டாம் சாமி. இருக்கட்டும்.”

எழுந்து படிவரை போய்த் திரும்பி வந்தார். மனசு ஆறவில்லை.

“ஆனாலும் ஒண்ணு சாமி. அவங்க வடைக்காகத்தான் பாடுறாங்க. அதை இல்லைன்னு சொல்ல முடியாது. நேத்து வையாபுரி மட்டும் பதினாலு தின்னான்.”

“நான் இல்லைன்னு சொல்லலையே” என்றார் சாமி. “அந்த அம்மா எதுக்காகச் சுட்டாங்க?”

“பெருமாளுக்கு...” என்று ஆரம்பித்த ரெங்கராஜுவுக்கு, மங்கத்தாயி தட்டை மூடிவிட்டுப் பாட்டுக்குக் கண்ணை மூடியது நினைவுக்கு வந்தது.